லினக்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் தூக்கக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

லேப்டாப் சும்மா கிடக்கும்போது எஸ்எஸ்டி காணாமல் போகிறது. வைஃபை நன்றாக ஓடிக்கொண்டே இருந்து, கொஞ்ச நேரம் விட்டுத் தொட்டால் உறைந்துபோகிறது. கெர்னல் பதிவில் "கரெக்டட்" என்ற சொல்லோடு பிழை வரிகள் நூற்றுக்கணக்கில் கொட்டுகின்றன. இல்லையென்றால் ஒரு பிழையும் இல்லை, பேட்டரி மட்டும் எதிர்பார்த்ததில் பாதி நேரம்தான் நிற்கிறது. நாலும் வேறு வேறு கோளாறு மாதிரித் தெரியும். ஆனால் பெரும்பாலும் நாலையும் ஒரே இடத்தில் தேட வேண்டியிருக்கும்: ஏஎஸ்பிஎம். எஸ்எஸ்டி, வைஃபை அட்டை போன்றவற்றைக் கணினியோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க், வேலை இல்லாதபோது தானே தூங்கி, வேலை வந்ததும் தானே விழித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர்.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் முதல் பதில் பெரும்பாலும் "பூட் வரியில் பிசிஐஈ_ஏஎஸ்பிஎம்=ஆஃப் போடு" என்பதுதான். (பூட் வரி என்றால் கணினி தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் வரி.) அதை முதல் அடியாக எடுத்து வைக்க வேண்டாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். அது நீங்கள் நினைப்பதைச் செய்வதில்லை. செய்தாலும், எந்த லிங்க்கில் எந்த நிலை கெட்டிருக்கிறது என்பதைச் சொல்லாது. முழுக் கணினியிலிருந்து ஒரு லிங்க்குக்கும், ஒரு லிங்க்கிலிருந்து ஒரு நிலைக்கும் வட்டத்தைச் சுருக்கிக்கொண்டு போவதுதான் வேலை.

ஒரு குறிப்பு. கட்டளைகளையும் கோப்புப் பாதைகளையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். கட்டளையில் பெரிய எழுத்து போடும் ஒரே இடத்தை அங்கேயே சொல்கிறேன்; வெளியீட்டில் சொற்களைத் தேடும்போது மட்டும் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு பாராமல் தேடுங்கள். டெர்மினலும் சுடோவும் பழக்கம் என்றால் போதும், கெர்னல் நிரல் எழுதியிருக்க வேண்டியதில்லை.

லிங்க் எப்படித் தூங்குகிறது

எல்0 என்றால் முழு விழிப்பு. தரவு போவதும் வருவதும் இந்த நிலையில் மட்டும்தான். எல்0எஸ் லேசான கண்ணயர்வு. ஒரு திசை மட்டும் அயரலாம், எழுந்திருக்க நானோநொடிக் கணக்கு, மிஞ்சினால் சில மைக்ரோநொடி. எல்1 இரண்டு திசையும் சேர்ந்து தூங்குவது. எழச் சில மைக்ரோநொடி முதல் பல பத்து மைக்ரோநொடி வரை ஆகும். எல்1-க்குள் எல்1.1, எல்1.2 என்று இரண்டு உள்நிலைகள் உண்டு. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பது எல்0எஸ், முழுக்க இறக்குவது எல்1, பூட்டி மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது எல்1.2. மின்சாரம் பெரிதாக மிச்சமாவது கடைசியில்தான். தொல்லை அதிகம் வருவதும் அங்கேதான்.

காரணம் இது. எல்1.2-இல் லிங்க்கின் மின்னழுத்தத்தையே விட்டுவிடுகிறார்கள், கடிகாரத் துடிப்பும் நின்றுவிடும். எழுப்புவதற்குக் கிளாக் ரெக்வெஸ்ட் என்ற தனிக் கம்பி வேண்டும். அந்தக் கம்பி மதர்போர்டில் சரியாக இணைக்கப்பட்டிருக்க வேண்டும், இரண்டு முனைக்கும் மின்சாரம் நிலைபெற எவ்வளவு நேரம் என்ற எண் சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும், "இவ்வளவு தாமதத்தை என்னால் தாங்க முடியும்" என்று சாதனம் அறிவிக்கும் எல்டிஆர் மதிப்பும் சரியாக இருக்க வேண்டும். இதில் எது பிசகினாலும் லிங்க் தூங்கும், ஆனால் ஒழுங்காக எழாது.

இதில் புதியவர்கள் முக்கியமாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது: எப்போது தூங்குவது என்று முடிவெடுப்பது கெர்னல் அல்ல, வன்பொருள். கெர்னல் ஒரு ரெஜிஸ்டரில் (வன்பொருளுக்குள் அமைப்புகளை எழுதிவைக்கும் சிறு இடம்) இரண்டு பிட்டை எழுதி "தூங்க அனுமதி" என்கிறது, அவ்வளவுதான். அதற்கப்புறம் நொடிக்கு ஆயிரம் முறை தூங்கி எழுந்தாலும் கெர்னல் பதிவில் ஒரு வரி வராது. பதிவைப் படித்து மட்டும் இந்தக் கோளாறைப் பிடிக்க முடியாமல் போவது இதனால்தான். அனுமதியை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எதை எடுத்தால் நோய் நிற்கிறது என்று கழித்துக்கொண்டே வர வேண்டும்.

முதல் அடி: பதிவில் என்ன இருக்கிறது

எதையும் மாற்றுவதற்கு முன்னால் இப்போதைய நிலையைப் பத்திரப்படுத்துங்கள். கெர்னல் பதிவைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையின் வெளியீடு முழுவதையும் ஒரு கோப்பில் போடுங்கள். அப்புறம் பிசிஐ சாதனங்களின் விவரத்தைக் காட்டும் இதையும் ஒரு கோப்பில்:

சுடோ எல்எஸ்பிசிஐ -விவிவி

சுடோ இல்லாமல் ஓட்டினால் பாதி விவரம் வராது. எல்1 உள்நிலைகளின் ரெஜிஸ்டர்கள் சாதன அமைப்புத் தரவின் நீட்டித்த பகுதியில் இருக்கின்றன. சாதாரணப் பயனருக்குக் கெர்னல் அதைக் காட்டாது. "என் சாதனத்தில் எல்1.2 இல்லையே" என்று சொல்பவர்களில் பலர் சுடோவை மறந்தவர்கள்.

டிமெஸ்ஜியில் மூன்று வகை வரிகளைத் தேடுங்கள். ஒன்று, ஏஇஆர் என்ற பிழையறிவிப்பு வரிகள்: "பிசிஐஈ பஸ் எரர்" என்று தொடங்கி, தீவிரம் என்ன, எந்த அடுக்கு, எந்தச் சாதனம் என்று சொல்லும். தீவிரம் "கரெக்டட்" என்றால் தரவு தொலையவில்லை, வன்பொருளே மறுபடி அனுப்பிச் சரிசெய்துகொண்டது. வகை "ரிசீவர் எரர்" என்றோ "ரீப்ளே டைமர் டைம்அவுட்" என்றோ இருந்து, அதுவும் கணினி சும்மா இருக்கும்போது அதிகமாக வந்தால், தூக்கத்தின் மீது சந்தேகப்படலாம். பாரம் ஏற்றும்போதுதான் அதிகம் வருகிறது என்றால் தூக்கத்தை விட்டுவிட்டு ஸ்லாட், ரைசர் கம்பி, வேகம் ஆகியவற்றைப் பாருங்கள்.

இந்தப் பிழைமழையை நிறுத்தப் "பிசிஐ=நோஏஇஆர்" போடச் சொல்பவர்களும் உண்டு. அது வாயை மூடுவது, வலியைத் தீர்ப்பதல்ல. பிழைதேடும் காலத்தில் அதைப் போடவே போடாதீர்கள். பதிவைவிட வசதியான இடம் ஒன்று இருக்கிறது: சிஸ்எஃப்எஸ்ஸில் (/சிஸ் என்ற கோப்புறையில் கெர்னல் காட்டும் கோப்புகள்) ஒவ்வொரு சாதனத்தின் கோப்புறையிலும் "ஏஇஆர்_டெவ்_கரெக்டபிள்" என்ற கோப்பு, பிழை வகைவாரியாக எண்ணிக்கையோடு. ஒரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதைப் படித்து ஒப்பிட்டால் ஊகத்துக்கு வேலையில்லை. சாதனத்தில் மட்டும் பார்க்காமல் அதற்கு மேலுள்ள போர்ட்டிலும் பாருங்கள். பிழையை எந்த முனை கண்டதோ அந்த முனையில்தான் எண் ஏறும்.

இரண்டாவது வகை, என்விஎம்இ (பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக ஓடும் எஸ்எஸ்டி) டிரைவரின் "கன்ட்ரோலர் இஸ் டவுன்" என்ற வரி. அதனருகில் சிஎஸ்டிஎஸ் என்ற மதிப்பு முழுக்க எஃப் எஃப் என்று இருக்கிறதா பாருங்கள். எல்லாப் பிட்டும் 1 என்று வந்தால் சாதனம் தவறான பதில் சொல்லவில்லை, பதிலே சொல்லவில்லை என்று பொருள். லிங்க்குக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லாவிட்டால் பிசிஐ வாசிப்பு இப்படித்தான் திரும்பி வரும். வேறு மதிப்பு ஏதாவது இருந்தால் லிங்க் உயிரோடு இருக்கிறது, எஸ்எஸ்டியின் உள்ளே ஏதோ சிக்கல். இந்த ஒரு எண்ணிலேயே விசாரணை இரண்டாகப் பிரிந்துவிடும்.

மூன்றாவது வகை, யாருக்கு அதிகாரம் என்று சொல்லும் வரிகள். அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

இரண்டாம் அடி: அதிகாரம் யார் கையில்

கணினி தொடங்கும்போது ஃபர்ம்வேரும் கெர்னலும் ஒரு பேச்சுவார்த்தை நடத்துகின்றன. டிமெஸ்ஜியில் "_ஓஎஸ்சி" என்று தேடினால் அது கிடைக்கும்: கெர்னல் எதையெல்லாம் ஆதரிக்கிறது, எதன் கட்டுப்பாடு அதன் கைக்கு வந்தது என்று இரண்டு வரி. சில கணினிகளில் வேறொரு வரி இருக்கும்: ஃபர்ம்வேர் கெர்னலுக்குக் கொடுக்கும் ஏசிபிஐ அட்டவணையான எஃப்ஏடிடி, இந்தக் கணினி ஏஎஸ்பிஎம்-ஐ ஆதரிக்கவில்லை என்று அறிவிப்பதாகவும், அதனால் முடக்குவதாகவும் சொல்லும் வரி. அதைப் பார்த்ததும் "சரி, ஏஎஸ்பிஎம் இல்லை, சந்தேகம் தீர்ந்தது" என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். அங்கேதான் ஏமாறுவோம். கெர்னல் முடக்குவது தன் கையைத்தான். பயாஸ் ஏற்கெனவே எழுதிவைத்த அனுமதி பிட்டுகள் ரெஜிஸ்டரில் அப்படியே இருக்கும், லிங்க் தன் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருக்கும்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 2011-இல் வந்த 2.6.38 கெர்னலில், எஃப்ஏடிடி "இல்லை" என்று சொன்னால் பயாஸ் வைத்த பிட்டுகளையும் கெர்னல் அழித்துவிட்டது. பல லேப்டாப்புகளின் மின்செலவு ஏறியது, பெரிய சலசலப்பு. கெர்னல் நிரலாளர் மேத்யூ காரெட் அதை ஆராய்ந்து, அட்டவணை அப்படிச் சொன்னால் "தொடாதே" என்றுதான் கொள்ள வேண்டும், "அழி" என்றல்ல என்று முடிவுக்கு வந்தார். 2012-இல் வந்த 3.3 கெர்னலில் அந்தத் திருத்தம் சேர்ந்தது.

பூட் வரியின் "பிசிஐஈ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்" விஷயமும் இதேதான். அதன் பொருள், கெர்னலே, ஏஎஸ்பிஎம் அமைப்பைத் தொடாதே, ஃபர்ம்வேர் வைத்ததை அப்படியே விட்டுவிடு என்பது. பயாஸ் எல்1-ஐ இயக்கிவைத்திருந்தால் "ஆஃப்" போட்ட பிறகும் எல்1 ஓடும். "ஆஃப் போட்டும் பிரச்சினை தீரவில்லை, ஆகவே ஏஎஸ்பிஎம் காரணமில்லை" என்ற வாதம் இதனால் செல்லாது. ஆனாலும் மறுபடி மறுபடி அதைக் கேட்கிறோம்.

உண்மையாகவே எல்லாவற்றையும் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றால் இதைப் போடுங்கள்:

பிசிஐஈ_ஏஎஸ்பிஎம்.பாலிசி=பெர்ஃபார்மன்ஸ்

நடுவில் புள்ளி இருப்பதைக் கவனியுங்கள். இது கெர்னலையே எல்லா லிங்க்கிலும் தூக்க அனுமதியை எடுக்கச் சொல்கிறது. மறுதொடக்கம் இல்லாமலும் செய்யலாம்: "/சிஸ்/மாட்யூல்/பிசிஐஈ_ஏஎஸ்பிஎம்/பாராமீட்டர்ஸ்/பாலிசி" என்ற கோப்பைப் படித்தால் நாலு கொள்கைகள் தெரியும், இப்போது நடப்பில் இருப்பது சதுர அடைப்புக்குள் இருக்கும். டீஃபால்ட் என்றால் பயாஸ் வைத்தபடி, பெர்ஃபார்மன்ஸ் என்றால் தூக்கம் வேண்டாம், பவர்சேவ் என்றால் எல்0எஸ்ஸும் எல்1-உம், பவர்சூப்பர்சேவ் என்றால் உள்நிலைகளும் சேர்த்து. எழுதும்போது "அனுமதி இல்லை" என்று ரூட்டுக்கே மறுப்பு வந்தால் அதிகாரம் கெர்னல் கையில் இல்லை. அப்படியானால் பயாஸ் அமைப்புக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். "பிசிஐஈ_ஏஎஸ்பிஎம்=ஃபோர்ஸ்" என்று ஒன்றும் இருக்கிறது. ஃபர்ம்வேர் மறுத்தாலும் மீறி இயக்கும். கணினி உறைந்தால் ஆச்சரியப்படக் கூடாது.

பெர்ஃபார்மன்ஸ் கொள்கையிலும் நோய் அப்படியே இருந்தால், அதுவும் எல்எஸ்பிசிஐ பார்த்து எல்லா லிங்க்கும் உண்மையிலேயே விழித்திருக்கிறது என்று உறுதி செய்த பிறகும் இருந்தால், ஏஎஸ்பிஎம்-ஐ விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்புங்கள்.

மூன்றாம் அடி: எந்த லிங்க்?

எல்எஸ்பிசிஐ -டிவி

இது மரவடிவில் காட்டும். உங்கள் சாதனம் எந்தப் போர்ட்டின் கீழ் தொங்குகிறது என்று பாருங்கள். எடுத்துக்காட்டுக்கு எஸ்எஸ்டி 01:00.0 என்றும், அதற்கு மேலுள்ள ரூட் போர்ட் 00:1டி.0 என்றும் வைத்துக்கொள்வோம். லிங்க் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது. ஆகவே எதைப் பார்த்தாலும் இரண்டு முனையிலும் பார்க்க வேண்டும். சாதனத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போர்ட்டை விட்டால் பாதிக் கதைதான் கையில் இருக்கும்.

எல்எஸ்பிசிஐ காட்டுவதில் நாலு வரிகள் முக்கியம். லிங்க்கேப் (அதில் எல், என், கே, கேப் என்று சுருக்கியிருக்கும்) என்பது இந்த முனைக்கு எதெல்லாம் முடியும் என்பது: "ஏஎஸ்பிஎம் எல்1, எக்ஸிட் லேட்டன்சி எல்1 <64" போல. லிங்க்கன்ட்ரோல் (இதில் கன்ட்ரோல் என்பது சி, டி, எல் என்று சுருங்கியிருக்கும்) என்பது இப்போது எதற்கு அனுமதி என்பது: "ஏஎஸ்பிஎம் எல்1 எனேபில்டு" அல்லது "டிஸேபில்டு". எல்1சப்கேப், எல்1சப்கன்ட்ரோல் என்ற இரண்டும் உள்நிலைகளுக்கு அதே கணக்கு. பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி இருந்தால் உண்டு, கழித்தல் குறி இருந்தால் இல்லை. உள்நிலைகள் அதில் இரண்டு தடவை வரும், ஒன்று ஏஎஸ்பிஎம் பெயரில், இன்னொன்று பிசிஐ-பிஎம் பெயரில். முதலாவது லிங்க் தானாகத் தூங்குவது. இரண்டாவது, டிரைவர் சாதனத்தை டி3 நிலைக்கு (சாதனமே ஆழ்ந்து தூங்கும் நிலை) அனுப்பியதால் லிங்க்கும் சேர்ந்து தூங்குவது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தேடல் தடம் மாறிவிடும்.

சில நேரம் இரண்டு முனையும் எல்1 முடியும் என்று சொல்லும், ஆனாலும் கெர்னல் இயக்கியிருக்காது. இது பிழை அல்ல. ஒவ்வொரு சாதனமும் "எனக்கு இவ்வளவு தாமதம்தான் தாங்கும்" என்று ஒரு எண் சொல்கிறது. டெவ்கேப் வரியில் இருக்கும். வேரிலிருந்து சாதனம் வரையுள்ள லிங்க்குகள் எழ ஆகும் நேரத்தைக் கெர்னல் பார்க்கிறது, நடுவிலுள்ள ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு மைக்ரோநொடி கூட்டுகிறது, தாண்டினால் எல்1-ஐ மறுத்துவிடுகிறது. கணக்கு சரிதான், ஆனால் சாதனம் சொன்ன எண் பொய்யாக இருக்கலாம். மிகப் பழைய, 1.1 தரத்துக்கு முந்தைய சாதனங்களுக்கும் கெர்னல் மறுப்புச் சொல்லிப் பதிவில் எழுதிவைக்கும்.

நான்காம் அடி: நோயை வரவழைப்பது

புதியவர்கள் பெரிதும் தடுமாறுவது இங்கேதான். எஸ்எஸ்டி சந்தேகம் என்றதும் பெரிய கோப்பை நகலெடுத்தோ வேக அளவீட்டு நிரலை மணிக்கணக்கில் ஓட்டியோ சோதிக்கிறார்கள். ஒன்றும் ஆகாது. ஆகவும் முடியாது, ஏனென்றால் பாரம் இருக்கும்வரை லிங்க் தூங்குவதே இல்லை. கோளாறு இருப்பது தூக்கத்திலிருந்து விழிக்கும் அந்தக் கணத்தில். அந்தக் கணத்தைத் திரும்பத் திரும்ப உண்டாக்கும் சோதனைதான் நமக்கு வேண்டும்: சும்மா இரு, கொஞ்சம் படி, மறுபடி சும்மா இரு.

ஒரு சின்ன ஷெல் சுற்று போதும். உள்ளே டிடி கட்டளையால் வட்டிலிருந்து 4 கேபி மட்டும் படியுங்கள். மூன்று விஷயம் கவனம். படிப்பதற்கு மட்டும் வட்டின் பெயரைக் கொடுங்கள், "ஓஎஃப்" என்ற இடத்தில் /டெவ்/நல் மட்டும்தான் இருக்க வேண்டும். இடம் மாறினால் வட்டு போய்விடும். "ஐஃப்ளாக்=டைரக்ட்" கண்டிப்பாக வேண்டும், இல்லையென்றால் இரண்டாம் முறையிலிருந்து கெர்னல் தன் நினைவகத்திலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும், லிங்க் அசையவே அசையாது. "ஸ்கிப்" மதிப்பைத் தற்செயல் எண்ணாக வையுங்கள், எஸ்எஸ்டியின் சொந்தக் கேஷில் மாட்டாமல் இருக்க. நடுவில் ஸ்லீப். அந்த ஸ்லீப் நீளத்தையும் மாற்றி மாற்றிப் போடுங்கள்: 0.01 நொடி, 0.1, 1, 5, 30. எந்த இடைவெளியில் விழுகிறது என்பதே ஒரு துப்பு. சில மில்லிநொடி இடைவெளியிலேயே விழுந்தால் லிங்க் மீது சந்தேகம் கூடும். பல நொடி சும்மா விட்டால்தான் விழுகிறது என்றால் எஸ்எஸ்டியின் உள்தூக்கமோ ரன்டைம் பிஎம்மோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் (இரண்டையும் பின்னால் பார்ப்போம்).

வேறொரு டெர்மினலில் "டிமெஸ்ஜி -டபிள்யூ" ஓடிக்கொண்டிருக்கட்டும். ரூட் கோப்பமைப்பே அந்த எஸ்எஸ்டியில்தான் என்றால், அது போனதும் பதிவை எழுத இடமிருக்காது. அப்போது வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வந்து, அங்கே திரையில் பதிவை ஓடவிடுங்கள். நெட்வொர்க் அட்டைதான் சந்தேகம் என்றால் டிடிக்குப் பதில் பிங். அதன் இடைவெளியை இதே மாதிரி கூட்டிக் குறையுங்கள்.

ஐந்தாம் அடி: ஒவ்வொரு நிலையாக எடுப்பது

5.5 கெர்னல் முதல் இதற்கு அருமையான வசதி இருக்கிறது. சாதனத்தின் சிஸ்எஃப்எஸ் கோப்புறைக்குள் "லிங்க்" என்று ஒரு உள்கோப்புறை. அதில் எல்0எஸ்_ஏஎஸ்பிஎம், எல்1_ஏஎஸ்பிஎம், எல்1_1_ஏஎஸ்பிஎம், எல்1_2_ஏஎஸ்பிஎம், பிசிஐ-பிஎம் வகைக்கு இரண்டு, கடிகாரத்துக்குக் கிளாக்பிஎம் என்று கோப்புகள். லிங்க் எதை ஆதரிக்கிறதோ அது மட்டும் தெரியும். கோப்பு ஒன்றுமே இல்லையென்றால் இரண்டாம் அடிக்குத் திரும்புங்கள், "ஆஃப்" போட்டு மறந்திருப்பீர்கள் அல்லது அதிகாரம் கெர்னலிடம் இல்லை.

முதலில் ஆழமானதை எடுங்கள்:

எக்கோ 0 | சுடோ டீ /சிஸ்/பஸ்/பிசிஐ/டிவைசஸ்/0000:01:00.0/லிங்க்/எல்1_2_ஏஎஸ்பிஎம்

எல்எஸ்பிசிஐ ஓட்டி இரண்டு முனையிலும் எல்1.2 கழித்தல் ஆகிவிட்டதா என்று பாருங்கள். பிறகு சோதனைச் சுற்றை மறுபடி ஓட்டுங்கள். முன்பு நோய் வர எவ்வளவு நேரமானதோ அதைப்போலப் பல மடங்கு நேரம் ஓட விடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் கோளாறைப் பத்து நிமிடச் சோதனையில் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. நிற்கவில்லையா, எல்1.1-ஐ எடுங்கள். அதுவும் இல்லையா, எல்1 முழுவதையும். பிறகு எல்0எஸ். நோய் நின்ற இடத்தில் நிறுத்தி, எடுத்ததைத் திருப்பி வைத்துப் பாருங்கள். நோய் திரும்பி வந்தால்தான் கண்டுபிடித்தோம் என்று பொருள். பலர் இந்தத் திருப்பிவைக்கும் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

எல்1.2-ஐ எடுத்ததும் நின்றுவிட்டால் சந்தேகம் கிளாக் ரெக்வெஸ்ட் கம்பி, மின்சாரம் நிலைபெறும் நேரம், எல்டிஆர் எண் இந்த மூன்றின் மேல். எஸ்எஸ்டியை எம்.2 அடாப்டர் அட்டையில் போட்டிருந்தால் முதலில் அந்த அட்டையைப் பாருங்கள். மலிவான அட்டைகளில் அந்தக் கம்பியே இணைக்கப்பட்டிருக்காது. எல்1 முழுவதையும் எடுத்தால்தான் நிற்கிறது என்றால் சாதனத்தின் ஃபர்ம்வேர் அல்லது சிப்பின் பிறவிக்குறை. அப்படிப்பட்ட சிப்புகள் நிறைய உண்டு, கெர்னலிலேயே பட்டியலாக இருக்கின்றன: இன்டெலின் 82575, 82598 நெட்வொர்க் சிப்புகளுக்கு எல்0எஸ் தடை, ஏஎஸ்மீடியாவின் பிசிஐ பிரிட்ஜ் ஒன்றுக்கு எல்0எஸ், எல்1 இரண்டும் தடை. கெர்னல் மூலத்தில் டிரைவர்ஸ்/பிசிஐ கோப்புறையிலுள்ள குவிர்க்ஸ்.சி கோப்பை (இப்படிப்பட்ட குறைகளுக்கான விதிவிலக்குகள் இருக்குமிடம்) ஒருமுறை மேலிருந்து கீழே படியுங்கள். வன்பொருள் உலகம் எவ்வளவு ஒட்டுப்போட்டு ஓடுகிறது என்று தெரியும்.

சிஸ்எஃப்எஸ் கோப்புகள் இல்லாத கணினியில் செட்பிசிஐ கைகொடுக்கும். லிங்க்கன்ட்ரோல் ரெஜிஸ்டரின் கடைசி இரண்டு பிட்டுதான் அனுமதி: 1 என்றால் எல்0எஸ், 2 என்றால் எல்1, 3 என்றால் இரண்டும்.

சுடோ செட்பிசிஐ -எஸ் 01:00.0 கேப்_எக்ஸ்ப்+10.டபிள்யூ=0:3

கேப்_எக்ஸ்ப் என்பது மட்டும் பெரிய எழுத்தில். 10 என்பது பதினாறடிமான எண். ":3" என்பது அந்த இரண்டு பிட்டை மட்டும் தொடு என்ற கட்டுப்பாடு. அதை விட்டுவிட்டால் பக்கத்துப் பிட்டுகளும் அழிந்து வேறு தொல்லை வரும். வரிசையும் முக்கியம். எல்1-ஐ நிறுத்தும்போது முதலில் கீழே உள்ள சாதனம், அப்புறம் மேலே உள்ள போர்ட். இயக்கும்போது நேர்மாறு, முதலில் போர்ட், பிறகு சாதனம். உள்நிலை பிட்டுகளை மாற்ற வேண்டும் என்றால் அதற்கு முன் எல்1-ஐ நிறுத்தியிருக்க வேண்டும். இதையெல்லாம் கெர்னல் தானே பார்த்துக்கொள்ளும், செட்பிசிஐ பார்க்காது. அதோடு நீங்கள் செட்பிசிஐயால் எழுதியது கெர்னலுக்குத் தெரியாது. கொள்கையை மாற்றினாலோ கணினி உறங்கி எழுந்தாலோ போய்விடலாம். சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள்மாறாட்டக்காரர்கள்

ஏஎஸ்பிஎம் மாதிரியே தெரியும் வேறு மூன்று விஷயங்கள் உண்டு.

ஏபிஎஸ்டி என்பது என்விஎம்இ எஸ்எஸ்டியின் உள்தூக்கம். லிங்க்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் அறிகுறி அச்சாக ஒன்றுதான். இதை நிறுத்த என்விஎம்இ_கோர்.டீஃபால்ட்_பிஎஸ்_மேக்ஸ்_லேட்டன்சி_யுஎஸ்=0 என்று பூட் வரியில் போடலாம்; இயல்பு மதிப்பு 100000, அதாவது 100 மில்லிநொடி. எஸ்எஸ்டி விழும்போது கெர்னலே பதிவில் இதையும் "பிசிஐஈ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்"-ஐயும் சேர்த்துப் போட்டுப் பார்க்கச் சொல்லும். அவசரத்துக்கு நல்ல யோசனை, பிழைதேடலுக்கு மோசமான யோசனை. இரண்டையும் ஒன்றாகப் போட்டு நோய் தீர்ந்தால் எது தீர்த்தது? தனித்தனியாகப் போடுங்கள்.

ரன்டைம் பிஎம் என்பது டிரைவர் சாதனத்தையே டி3-க்கு அனுப்புவது. சாதனக் கோப்புறையில் பவர்/கன்ட்ரோல் என்ற கோப்பில் "ஆன்" என்று எழுதினால் அது விழித்தே இருக்கும். போர்ட்டுகள் டி3-க்குப் போவதைத் தடுக்கப் "பிசிஐஈ_போர்ட்_பிஎம்=ஆஃப்". ஏஎஸ்பிஎம்-ஐ எடுத்தும் தீராத "சும்மா விட்டால் செத்துவிடும்" வகைக் கோளாறில் அடுத்து பார்க்க வேண்டியது இது.

மூன்றாவது, மூடியை மூடித் திறந்த பிறகு மட்டும் வரும் கோளாறு. இதற்கு எளிய வழி ஒன்று: உறங்கப்போகும் முன் எல்எஸ்பிசிஐ வெளியீட்டை ஒரு கோப்பில், எழுந்த பின் இன்னொரு கோப்பில் போட்டு, டிஃப். உள்நிலை ரெஜிஸ்டர்களைப் பத்திரப்படுத்தித் திருப்பி வைக்கும் நிரலைக் கெர்னலில் ஒருமுறை சேர்த்து, சில கணினிகள் எழ மறுத்ததால் திரும்பப் பெற்று, பிறகு திருத்திச் சேர்த்தார்கள். அவ்வளவு நுணுக்கமான இடம் அது. டிஃப்பில் எல்1.2 கூட்டலிலிருந்து கழித்தல் ஆகியிருந்தாலோ நேர மதிப்புகள் மாறியிருந்தாலோ துப்பு கிடைத்துவிட்டது.

தூங்க மறுக்கும் லிங்க்

பேட்டரி கரைகிறது என்பவர்களுக்குச் சிக்கல் நேர்மாறு. இன்டெல் கணினிகளில் டர்போஸ்டாட் என்ற கருவியை ஓட்டி, கணினியைத் தொடாமல் விட்டு, முழுச் சிப்பும் எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறது என்று காட்டும் பிகேஜி%பிசி8, பிசி10 போன்ற பத்திகளைப் பாருங்கள் (எண் பெரிதானால் தூக்கம் ஆழம்). எல்லாம் பூஜ்யமாகவே நின்று பிசி2, பிசி3-இல் மட்டும் எண் ஓடினால் யாரோ ஒருவர் முழுச் சிப்பையும் தூங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கிறார். ஏஎஸ்பிஎம் இயங்காத ஒரே ஒரு எஸ்டி கார்டு ரீடர் போதும். எல்எஸ்பிசிஐ வெளியீட்டில் "ஏஎஸ்பிஎம் டிஸேபில்டு" என்று தேடி, கிடைத்த ஒவ்வொன்றையும் லிங்க் கோப்புறை வழியாக ஒவ்வொன்றாக இயக்கி, டர்போஸ்டாட்டை மறுபடி பாருங்கள். கெர்னலின் பிழைதேடல் கோப்புகள் இருக்கும் டீபக்எஃப்எஸ்ஸில் பிஎம்சி_கோர் கோப்புறையிலுள்ள எல்டிஆர்_ஷோ எந்தப் பகுதி குறைந்த தாமதம் கேட்டு அடம்பிடிக்கிறது என்று காட்டும். ஆனால் இயக்குவதற்கு முன், அதை நிறுத்தி வைத்திருப்பது டிரைவரா என்று பாருங்கள். டிரைவர் எழுதியவர் வேண்டுமென்றே நிறுத்தியிருந்தால் பெரும்பாலும் காரணத்தைப் பக்கத்திலேயே குறிப்பாக எழுதியிருப்பார்.

கண்டுபிடித்த பிறகு

தற்காலிகத் தீர்வு: அந்தச் சாதனத்தின் வெண்டர், டிவைஸ் எண்ணைப் பார்த்து, தொடங்கும்போது அந்த ஒரு லிங்க் கோப்பில் மட்டும் 0 எழுதும் யுடெவ் விதி (சாதனம் தெரிந்ததும் தானே ஓடும் விதி). முழுக் கணினியின் தூக்கத்தையும் கெடுக்க வேண்டியதில்லை. பயாஸுக்கும் எஸ்எஸ்டி ஃபர்ம்வேருக்கும் புதுப்பிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். நிரந்தரத் தீர்வு கெர்னலுக்குள் போக வேண்டும்: சிப்பின் குறை என்றால் குவிர்க்ஸ் பட்டியலில் ஒரு வரி, டிரைவர் சார்ந்தது என்றால் பிசிஐ_டிஸேபிள்_லிங்க்_ஸ்டேட் என்ற அழைப்பு. பழைய கெர்னலில் நன்றாக இருந்து புதியதில் கெட்டது என்றால் கிட் பைசெக்ட் (எந்த மாற்றத்தில் கெட்டது என்று பாதி பாதியாகச் சுருக்கித் தேடுவது) போடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் சோதனை நம்பகமாக இருக்க வேண்டும் என்பதால்தான் நான்காம் அடியில் அவ்வளவு நேரம் செலவழித்தோம்.

புகார் எழுதும்போது இவை இருந்தால் படிப்பவர் உங்களைத் திரும்பக் கேள்வி கேட்க வேண்டியிருக்காது: கெர்னல் பதிப்பு, பயாஸ் பதிப்பு, சுடோவுடன் எடுத்த எல்எஸ்பிசிஐ முழு வெளியீடு, வெட்டாத டிமெஸ்ஜி, எந்த இடைவெளியில் நோய் வருகிறது, எந்த ஒரு கோப்பில் 0 எழுதினால் நிற்கிறது, திருப்பி 1 எழுதினால் வருகிறதா. யாருக்கு அனுப்புவது என்பதைக் கெர்னல் மூலத்திலுள்ள கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட்டிடம் கேளுங்கள், டிரைவர்ஸ்/பிசிஐ/பிசிஐஈ/ஏஎஸ்பிஎம்.சி என்று கொடுத்தால் பெயர்களைத் தரும். குவிர்க் ஏறிய கெர்னல் உங்கள் விநியோகத்துக்கு வந்ததும் யுடெவ் விதியை எடுத்துவிட்டு, அதே சோதனைச் சுற்றை ஒரு ராத்திரி ஓட்டிப் பாருங்கள்.